பிடிக்கத் தெரிந்த பையன்களும் ரக்பி டேக்கிளும்: பணகுடிப் பக்கத்து அணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வட்டாரத்தில் ஒரு ரக்பி அணி திரட்ட வேண்டுமென்றால் ஆளுக்குப் பஞ்சமே வராது. ஊருக்கு ஊர் கபடி செட் உண்டு. கோயில் கொடைக்குக் கபடிப் போட்டி வைக்காத ஊர் குறைவு. பழைய திருநெல்வேலிச் சீமையிலிருந்து (1986-இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) கபடி வீரர் மணத்தி கணேசன் 1995-க்கான அர்ஜுனா விருது வாங்கிய நாளிலிருந்து, கால்பிடியும் தொடைப்பிடியும் இங்கே பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமாகவே இல்லை. பார்த்தே பழகிவிடுகிறார்கள்.

அதனால் இப்படிப் பையன்களைக் கொண்டு ஒரு செவன்ஸ் (எழுவர் ரக்பி) அணி தொடங்கியபோது எல்லாருக்கும் ஒரே நினைப்பு: டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து விழவைப்பது) பற்றிக் கவலை இல்லை, பந்தைக் கைமாற்றப் பழக்கினால் போதும். நடந்தது நேர்மாறு. பந்து கைமாற்றுவது சில வாரத்தில் வந்துவிட்டது. டேக்கிள்தான் பெரும் பாடுபடுத்தியது. அது ஏன், எப்படிச் சரிசெய்யப்பட்டது, எவ்வளவு சரியானது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பையன்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ரக்பி பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. பந்தை முன்னோக்கிக் கையால் எறியக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தரலாம். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது 'டிரை', 5 புள்ளி. செவன்ஸில் பக்கத்துக்கு 7 பேர், 7 நிமிடம் வீதம் இரண்டு பாதி. மைதானம் மட்டும் 15 பேர் ஆடும் அதே பெரிய மைதானம், 70 மீட்டர் அகலம் வரை வரும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்த செவன்ஸ்தான் சேர்க்கப்பட்டது; ஆண்களில் பிஜி தங்கம் வாங்கியது. 2025-இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்ற பிறகு நம் பக்கமும் பெயர் கொஞ்சம் அடிபடுகிறது. அதற்கு முன்னெல்லாம் மைதானத்து வேலியோரம் நிற்கும் பெரியவர்கள், "இது அமெரிக்காக்காரன் ஹெல்மெட் போட்டு வெளாடுவாம்லா, அதுதானய்யா?" என்றுதான் கேட்பார்கள்.

முதல் போட்டியில் கண்டது

அணி முதலில் ஆடியது வெளிமாவட்டத்தில் நடந்த ஒரு சிறிய போட்டியில். எல்லா ஆட்டத்திலும் தோல்வி. புதிய அணி தோற்பது செய்தியில்லை. தோற்ற விதம்தான் கவனிக்க வேண்டியது. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஒன்று, பையன்கள் பிடித்த ஆளை விடவில்லை. கபடியில் ரைடரை (பாடிப் போகிறவனை) பிடித்தால் நடுவர் விசில் ஊதும்வரை பிடி தளரக் கூடாது. ரக்பியில் ஆள் தரையில் விழுந்த நொடியே பிடித்தவன் ஆளையும் பந்தையும் விட்டு, விலகி, எழுந்துவிட வேண்டும். விடாவிட்டால் பெனால்டி. ஆட்டத்துக்கு ஆட்டம் இதே தவறில் எதிரணிக்குப் பந்து இனாமாகப் போனது. இடைவேளையில் ஒருவன் கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: "விட்டா ஓடிருவாம்லா சார்?" அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பத்து வருடமாக அவன் உடம்பு படித்த பாடம் அது.

இரண்டு, இழுத்தார்கள். நடுக்கோட்டைத் தொடவிடாமல் ரைடரைத் தன் பக்கம் இழுப்பதுதான் கபடி. ரக்பியில் அப்படி இழுத்தால் பிடித்தவன் மல்லாக்க விழுவான், ஓடிவந்தவன் அவன் மேல் விழுவான். அதற்குள் எதிரணிக்கு இரண்டு மூன்று மீட்டர் கிடைத்துவிடும். கோட்டுக்குப் பக்கத்தில் இப்படி விழுந்தால் நேரே டிரைதான்.

மூன்றாவது, பந்து நம் கையில் இருக்கும்போது நடந்தது. பந்து கிடைத்த ரைடர்கள் ரைடு போவதுபோலவே தனியாகப் போனார்கள். நன்றாகவும் போனார்கள், இடுப்பை ஒடித்து இரண்டு பேரை ஏமாற்றுவது அவர்களுக்குச் சாதாரணம். ஆனால் மூன்றாமவன் பிடித்து விழவைத்ததும் சுற்றிப் பார்த்தால் நம் ஆள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. மீதி ஆறு பேரும் இருந்த இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கபடியில் ரைடர் போனால் மற்றவர்கள் செய்வது அதைத்தானே. விழுந்தவன் பந்தை உடனே விட வேண்டும். விட்டால் எதிராளி எடுத்துக்கொள்வான், விடாமல் கட்டிக்கொண்டால் பெனால்டி.

இந்த மூன்றும் புள்ளிகளைத்தான் தின்றன. உண்மையான கவலையைக் கொடுத்தது நான்காவதாக ஒன்று.

இடது கார்னர் பையனுக்குப் பட்ட அடி

ராதாபுரம் பக்கத்துப் பையன். கபடியில் இடது கார்னர், அதாவது களத்தின் இடது ஓரத்தில் நின்று பிடிப்பவன். கால்பிடியில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், தன் இடப்பக்கமாக முழு வேகத்தில் தாண்டிப் போன எதிராளியைத் தாழ்வாகப் பாய்ந்து பிடித்தான். ஆள் விழுந்தான். இவன் எழவில்லை. எதிராளியின் முழங்கால் இவன் காதுக்கு மேலே பட்டிருந்தது.

சில நொடிகளில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பேசினான், சிரிக்கவும் செய்தான். ஆனால் "ஸ்கோர் என்ன சார்?" என்று கேட்டவன், பதில் சொன்ன கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி கேட்டான். அத்தோடு அவனுடைய ஆட்டம் முடிந்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுக்க வேண்டும், அன்று மறுபடி இறக்கக் கூடாது என்பது உலகெங்கும் உள்ளூர் ரக்பியில் பின்பற்றும் நடைமுறை. "நல்லாத்தான இருக்கான்" என்று யார் சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. மருத்துவமனையில் காட்டி, டாக்டர் சொன்னபடி ஓய்வு கொடுத்து, முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு ஆள் மோதாத பயிற்சி என்று படிப்படியாகத்தான் திரும்பி வந்தான். மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

அவன் ஓய்வில் இருந்தபோது அந்த ஒரு டேக்கிளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். உயரத்தில் குறை ஒன்றும் சொல்ல முடியாது. தோள்கோட்டுக்கு மேலே பிடிப்பது ரக்பியில் ஆபத்தான ஆட்டம். இங்கிலாந்தில் 2023 முதல் உள்ளூர் ஆட்டங்களில் மார்பெலும்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்றே ஆக்கிவிட்டார்கள். தாழ்வாகப் பிடி என்பதுதான் இன்றைக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை. எங்கள் பையன் முழங்காலுக்குப் பக்கம் பிடித்திருக்கிறான். பிறகு ஏன் அடி?

தலை இருந்த பக்கம் தப்பு. எதிராளி அவனுக்கு இடப்பக்கமாக ஓடுகிறான். அப்போது இடது தோள்தான் தொடையில் படவேண்டும். இடது தோள் பட்டால் தலை தானாகவே ஓடுகிறவனுக்குப் பின்னால் போய்விடும். இவன் வலது தோளைக் கொடுத்தான். வலது தோளைக் கொடுத்ததும் தலை ஓடுகிறவனுக்கு முன்னால், முழங்கால் வந்து இறங்கும் இடத்துக்கே போய்விட்டது.

ஏன் வலது தோள்? அவன் இடது கார்னர். கபடிக் களத்தின் இடது ஓரத்தில் நிற்பவனுக்கு ரைடர் எப்போதும் வலப்பக்கம்தான் இருப்பான். அவனுக்கு இடப்பக்கம் இருப்பது வெறும் எல்லைக்கோடு. வருடக்கணக்கில் அவன் ஒரே தோளால் பிடித்தவன். ஆண்கள் கபடிக் களம் மொத்தமே 13-க்கு 10 மீட்டர். தன் பாதியில் வரும் ரைடர் நின்று, அளந்து, காலை நீட்டுகிறான். அந்த வேகத்தில் தலை முன்னால் போனாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 30 மீட்டர் ஓடி வேகமெடுத்து வருகிறவன் முன்னால் அதே பழக்கம் போனால் கதை வேறு.

இதைக் கண்டுகொண்ட பிறகு மற்ற கார்னர்களையும் பார்த்தோம். வலது கார்னர்கள் அப்படியே தலைகீழ்: இடது தோள் கெட்டிக்காரத்தனம், வலது தோள் ஊமை. கார்னருக்கு உள்பக்கம், கவரில் நின்றவர்களிடம் இந்தக் கோணல் குறைவு, இரண்டு பக்கமும் ஆள் பார்த்துப் பழகியவர்கள். உயர்மட்ட ஆட்டங்களில் தலைக்காயச் சோதனைக்குப் போன 611 நிகழ்வுகளை உலக ரக்பி அமைப்பான வேர்ல்ட் ரக்பி ஆராய்ந்தபோது, 76 சதவீதம் டேக்கிளில் நேர்ந்தவை என்றும், அவற்றில் 72 சதவீதத்தில் அடிபட்டது டேக்கிள் செய்தவருக்கே என்றும் கண்டது. பந்தோடு ஓடுகிறவனுக்குத்தான் ஆபத்து என்று வெளியே நின்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே கணக்கு வேறு.

மண்டியிட்டுத் தொடங்கியது

வேர்ல்ட் ரக்பியின் 'டேக்கிள் ரெடி' பாடம் டேக்கிளை ஐந்தாகப் பிரிக்கிறது: கண்ணால் தொடர்வது, உடம்பைத் தயார் செய்வது, தொடுவது, உந்துவது, முடிப்பது. வேறு நாடுகளில் பழக்குபவர்கள் தொடுவதில் நிறைய நேரம் செலவழிப்பார்கள், ஏனென்றால் மோத அங்கே பையன்கள் பயப்படுவார்கள். எங்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. பயம் கொஞ்சம் வந்தால் தேவலை என்றுகூட இருந்தது. நாங்கள் நேரம் கொடுத்தது இரண்டாவதற்கும் ஐந்தாவதற்கும்.

எல்லாரும் மண்டியிட்டார்கள். பந்து வைத்திருப்பவனும் மண்டி, பிடிப்பவனும் மண்டி. முதல் வாரங்களில் ஒவ்வொருவனும் வராத தோளால் மட்டுமே பிடிக்க வேண்டும்; நல்ல தோளுக்கு விடுமுறை. செம்மண் தரை, காய்ந்தால் கல்லாகிவிடும். அதனால் நீளம் தாண்டும் மணல் குழியில் வரிசை போட்டோம். பயிற்சிக்கு முன்னால் எல்லாரும் ஒரே வரிசையில் குனிந்து நடந்து நெருஞ்சி முள் பொறுக்குவது எங்கள் வார்ம் அப்பின் முதல் பகுதி என்றே ஆகிவிட்டது.

எந்தத் தோள் பட்டது என்று கேட்டால் பையன்களுக்கே தெரியவில்லை. "ஏலே, எந்தத் தோளு?" என்றால் வலதைத் தொட்டுப் பார்த்து, இடதைத் தொட்டுப் பார்த்து, "தெரியல சார்" என்பான். நடிப்பு இல்லை; அந்த நொடியில் உடம்பு தானாக ஓடுகிறது. அதனால் சாக்பீஸ் வாங்கி வந்தோம். வலது தோளில் சிவப்பு, இடது தோளில் வெள்ளை, பனியன் மேல் அழுத்தித் தேய்த்துவிடுவது. ஓடுபவனுக்குக் கறுப்பு டிரவுசர். டேக்கிள் முடிந்ததும் டிரவுசரைப் பார்த்தால் எந்த நிறம், எந்த உயரம், முன்பக்கமா பின்பக்கமா எல்லாம் தெரியும். இடப்பக்கம் ஓடியவன் தொடையில் சிவப்பு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, மறுபடி மண்டி. பையன்களே ஒருவனுக்கொருவன் டிரவுசரைத் திருப்பிப் பார்த்துக் கேலி செய்ய ஆரம்பித்ததும் எனக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

மண்டியிலிருந்து நடை, நடையிலிருந்து மெல்லோட்டம், பிறகுதான் வேகம். வேகத்துக்கு வந்தபோது காலும் சேர்ந்தது. கடைசி இரண்டு மீட்டரில் அடியைச் சின்னதாக்க வேண்டும். எந்தத் தோளோ அந்தப் பக்கத்துக் கால் எதிராளிக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். கால் தூரத்தில் இருந்தால் பாய வேண்டிவரும், பாய்ந்தால் தலை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கபடிக் கார்னர்கள் பாய்வதில் மன்னர்கள். அதை மறக்கடிப்பது தோளை மாற்றுவதைவிடச் சிரமமாக இருந்தது. கண் பந்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ரைடரின் கை ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது என்று கபடி ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தது.

மோதும் பைகளுக்குப் பணம் இல்லை. தேங்காய் நார் அடைத்த சாக்குகளை வைத்துக்கொண்டோம். வைக்கோலும் அடைத்துப் பார்த்தோம். சுணை கழுத்தில் ஏறி அரிப்பு தாங்கவில்லை. பல் கவசம் மட்டும் எல்லாருக்கும் கட்டாயம், அதில் சிக்கனம் பார்க்கவில்லை.

விடுவதைப் பழக்கியதற்கு ஒரே வழிதான் வேலை செய்தது. ஒவ்வொரு டேக்கிளுக்கும் பின்னால் இரண்டு சைக்கிள் டயர்களை ஒரு வாசல்போலப் போட்டோம். பிடித்தவன் ஆளை விழவைத்ததும் விட்டு, எழுந்து, தன் அணிப் பக்கம் சுற்றி அந்த டயர்களுக்கு நடுவே வந்துதான் பந்தைத் தொடலாம். சட்டமும் அதுதான், டேக்கிள் செய்தவன் எந்தப் பக்கமிருந்தும் பந்தை எடுக்கலாம் என்ற பழைய சலுகை 2018-இல் போய்விட்டது. பிடித்துக் கீழே விழுந்த பையனுக்கு எழுந்தவுடன் ஒரு வேலை காத்திருக்கிறது என்று தெரிந்ததும் கை தானாக விட்டது. "விடு, விடு" என்று தொண்டை கிழியக் கத்தி வராதது அதில் வந்தது.

துணைக்குப் போவது

இங்கேதான் அணிக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. ரைடர்களைத் துணைக்கு ஓடவைக்கும் முயற்சி வீண். பந்து கையில் இல்லாத ரைடருக்கு மைதானத்தில் வேலை இருப்பதாகவே தோன்றுவதில்லை. ஆனால் பிடிக்கும் பையன்கள் சங்கிலியாகக் கைகோர்த்து நிற்பவர்கள். பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், எப்போது முன்னால் நகர்வான் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அறிவார்கள். கார்னர் பாய்ந்த மறுநொடி கவர் போய் விழுவான்; அது துணை ஆட்டம் இல்லாமல் வேறென்ன? பிடிக்கும்போது இருந்த அந்தப் பழக்கத்தைப் பந்து நம் கையில் இருக்கும்போதும் வரவழைப்பதுதான் வேலை.

ஒரு துண்டின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு, பந்தோடு ஓடும் ரைடருக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால், ஆளுக்கொரு பக்கமாக ஓடுவார்கள். ரைடர் வளைந்தால் துண்டும் வளைய வேண்டும். அவன் விழுந்ததும் துண்டைப் போட்டுவிட்டு முதலாமவன் பந்துக்கு மேலே கால்களை அகல வைத்து நிற்பான், எதிராளி கை வைக்க வந்தால் தோளால் தள்ளிவிடுவான். இரண்டாமவன் பந்தை எடுத்துத் தருவான் அல்லது தானே ஓடுவான். விழுகிறவனுக்கும் பாடம் உண்டு: விழும்போது உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, பந்தைத் தன் அணிப் பக்கம் எட்டி வைக்க வேண்டும். வயிற்றோடு சுருட்டிக்கொண்டால் துணைக்கு வந்தவனுக்கு எடுக்க முடியாது.

சில நாளில் துண்டு இல்லாமலே ஓடினார்கள். சத்தம்தான் வரவில்லை. 'லெஃப்ட்', 'ரைட்' என்று கூப்பிடச் சொன்னால் வாய் கூசும். உங்கள் வாயில் வருவதைச் சொல்லுங்கள் என்று விட்டதும் "நிக்கேன், நிக்கேன்", "இங்கன குடுலே" என்று மைதானமே ஊர்ச் சந்தையாகிவிட்டது.

ஆனி, ஆடிக் காற்றும் கைகொடுத்தது என்று சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத்தான் இந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலை நிற்கிறது. அந்த மாதங்களில் பத்து மீட்டர் தள்ளி எறிந்த பந்து எங்கே போய் விழும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. நீளமாக எறிய வழியில்லாததால் எல்லாரும் பக்கத்திலேயே ஓட வேண்டியிருந்தது. காற்று இல்லாத ஊரில் பழகியிருந்தால் துணை ஆட்டம் இவ்வளவு சீக்கிரம் படிந்திருக்காது என்பது என் கணிப்பு.

அடுத்த போட்டி

இரண்டு வெற்றி, பிறகு சென்னை அணி ஒன்றிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஓட்டத்தில் அவர்களோடு ஈடு கொடுக்க முடியவில்லை, அதற்கு வேறு மருந்து வேண்டும். ஆனால் ஆளை விடாததற்கான பெனால்டி அரிதாகிவிட்டது. வென்ற இரண்டாவது ஆட்டத்தில் ஒரு டிரை எனக்குத் திருப்தி தந்தது. ரைடர் ஒருவன் இருவரைத் தாண்டி, எதிராளியின் 22 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் கணுக்கால் பிடிபட்டு விழுந்தான். அணியிலேயே மெதுவாக ஓடும் கவர் பையன்தான் முதலில் போய் நின்றான். ரைடர் இடுப்பை ஒடிக்கும்போதே அவன் எங்கே விழுவான் என்று கணித்து நேர்கோட்டில் போயிருக்கிறான். வேகமானவர்கள் வளைந்து பின்தொடர்ந்து பிந்தி வந்தார்கள். பந்து இரண்டு கை மாறி ஓரத்தில் ஊன்றப்பட்டது.

ராதாபுரத்துப் பையனும் ஆடினான். முதல் பாதியில் இடது தோள் டேக்கிள் எல்லாம் சுத்தம். இரண்டாம் பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில், மூச்சு வாங்கும்போது, ஒரு முறை பழைய வலது தோள் மறுபடி வந்தது. அடிபடவில்லை, எதிராளி ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தான். ஆனால் அதைப் பார்த்தவுடன் அவனை வெளியே கூப்பிட்டுக்கொண்டோம்.

அது அவனுக்கு மட்டும் உள்ளதில்லை. களைத்தால் எல்லாக் கார்னர்களுக்கும் பழைய தோள்தான் வருகிறது. புத்துணர்ச்சியோடு இருக்கும்போது மட்டும் பழகியது களைப்பில் நிற்பதில்லை. எனவே இப்போது வராத தோள் பயிற்சி ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு, மாலையின் கடைசியில். அதுவும் வேகமில்லாமல், மண்டியிலும் நடையிலும் மட்டும். களைத்த உடம்பை முழு வேகத்தில் மோதவிடுவது மடத்தனம்.

இன்னொரு தொல்லை கபடி செட்டுகளிடமிருந்து. கொடை நாட்களில் பையன்கள் அங்கே ஆடப் போகிறார்கள், போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. போய்வந்தால் பாய்ச்சல் திரும்பி வந்துவிடுகிறது. செட்டுக்காரர்களுக்கும் குறை உண்டு. ஒரு கேப்டன் நேரிலேயே வந்து, "பிடிச்ச ஆளை விட்டுட்டு எந்திக்கான் சார், என்ன சொல்லிக் குடுத்திய?" என்று சண்டைக்கு நின்றார். இப்போதைக்கு ஓர் ஏற்பாடு: கபடி ஆடித் திரும்பும் எவனும் முதல் இரண்டு பயிற்சியில் எழுந்து நின்று டேக்கிள் செய்வதில்லை. மண்டி, சாக்பீஸ், டயர் வாசல். டிரவுசரில் சரியான நிறம் தொடர்ந்து விழுந்த பிறகுதான் ஓட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.